மெஷின் சரி... அளக்கிற கை சரியா?

வீட்டில் தையல் டேப் இருக்கிறதா? இல்லாத வீடு ஏது! எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரை நிற்கச் சொல்லி இடுப்புச் சுற்றளவை அளந்து, ஒரு சீட்டில் எழுதி மடித்து வையுங்கள். அடுத்து மகளை அளக்கச் சொல்லுங்கள். அப்புறம் மாமியாரை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்கக்கூடாது. கடைசியில் மூன்று சீட்டையும் பிரித்துப் பாருங்கள்.

மூன்றும் ஒன்று போல இருந்தால் அதிசயம்தான். ஒருவர் தொப்புளுக்கு நேராக அளந்திருப்பார். ஒருவர் வேட்டி கட்டுகிற இடத்தில். மனிதர் மூச்சை உள்ளே இழுத்துத் தொப்பையை மறைத்த நேரம் பார்த்து ஒருவர் டேப்பைப் போட்டிருப்பார். டேப் ஒன்றுதான், இடுப்பும் ஒன்றுதான். எண் மட்டும் மூன்று!

இதனால் குடி முழுகிவிடாது. பேண்ட் தைக்கிறவர் பிரித்தோ பிடித்தோ சரி செய்துவிடுவார். ஆனால் நோயைக் கணக்கெடுக்கிற இடத்திலும் இதே கதை நடந்தால்? அதைச் சரி செய்ய எந்த டெய்லர் வருவார்?

வானூரிலிருந்து வடகிழக்கே கழுவெளியைத் தாண்டிப் போனால் மரக்காணம் உப்பளங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் போகும்போது வெள்ளை வெளேரென்று குவியல் குவியலாகப் பார்த்திருப்பீர்கள். போட்டோவுக்கு அழகாக இருக்கும். பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறவர்களுக்கு அது அடுப்பு. மேலே வெயில், கீழே உப்பு அந்த வெளிச்சத்தைத் திருப்பி முகத்தில் அடிக்கும். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. ஒதுங்க மறைவிடம் இல்லாததால் பல பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அந்த வெயிலில், தண்ணீர் குடிக்காமல்!

இதன் விலை என்ன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா வேணுகோபாலும் அவரது குழுவினரும் தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்து, 2023-ல் ஆய்வு முடிவை வெளியிட்டார்கள். பத்தில் சுமார் ஒன்பது பேர், செய்கிற வேலைக்குப் பாதுகாப்பான அளவைத் தாண்டிய வெப்பத்தில் நிற்கிறார்கள். நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகம் வடிகட்டும் திறன் குறைந்திருக்கிறது.

நூற்றுக்கு ஏழு. சின்ன எண்தான். ஆனால் இப்படிப்பட்ட ஓர் எண்ணை அளக்கிறவர்களின் கை ஆடினால் என்ன ஆகும்? (அந்த ஆய்வைக் குறை சொல்லவில்லை, பொதுவாகக் கேட்கிறேன்.) இரண்டு பேர் இந்தப் பக்கம் நழுவினால் ஐந்து. இரண்டு பேர் அந்தப் பக்கம் நழுவினால் ஒன்பது. ஐந்து என்றால் "எல்லா ஊரிலும் இருக்கிறதுதானே" என்று ஃபைலை மூடிவிடலாம். ஒன்பது என்றால் நிழற்கூரையும் குடிநீரும் கழிப்பறையும் உரிமையோடு கேட்கலாம்.

ஆகவே என் கட்சி இதுதான். நர்சிங் ஆராய்ச்சியில் மெஷினுக்குச் செலவழிக்கிற அக்கறையில் பாதியையாவது, அந்த மெஷினைப் பிடிக்கிற கைக்குச் செலவழிக்க வேண்டும். தகவல் சேகரிக்கப் போகிறவர்களுக்குப் பயிற்சி என்பது அரை நாள் சடங்காக இருக்கக்கூடாது.

"எங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் வீட்டுப் பெண்ணோ, அண்ணன் மகளோ, எதிர் வீட்டுப் பெண்ணோ நர்சிங் படித்துக்கொண்டிருக்கலாம். பி.எஸ்சி. நர்சிங் என்றால் ஆய்வு ப்ராஜெக்ட் உண்டு. எம்.எஸ்சி. என்றால் ஆய்வேடு எழுதாமல் பட்டமே இல்லை. வீடு வீடாக ஃபாரத்தோடு வந்து நிற்கிற பெண்கள் பலர் இவர்கள்தான்.

அப்படி நான்கு மாணவிகள் இந்த உப்பளத்துக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நால்வருமே கெட்டிக்காரிகள், நல்ல மனசுக்காரிகள். அப்படியும் எங்கே சறுக்கும் தெரியுமா?

முதலில் கேள்வி. ஒரு பெண் கேட்கிறாள்: "ஆயா, தண்ணி நல்லா குடிப்பீங்கதானே?" ஆயா என்ன சொல்லும்? "குடிப்பேம்மா" என்று சொல்லும். படித்த பெண் இவ்வளவு தூரம் வந்து கேட்கிறது, இல்லை என்று சொல்ல மனசு வருமா? ஃபாரத்தில் 'ஆம்' விழுந்துவிடும். அடுத்த வரப்பில் இன்னொரு பெண் வேறு மாதிரி கேட்கிறாள்: "இன்னிக்கு வேலைக்கு வந்ததிலிருந்து எத்தனை சொம்பு குடிச்சீங்க ஆயா?" அந்த ஆயா யோசிக்கும். "ரெண்டு இருக்கும்... இல்ல, ஒன்றரைதான். ஒதுங்க எடமில்லையே கண்ணு." ஒரே உப்பளம், ஒரே வயசு, ஒரே வெயில். கேட்ட விதத்தில் விடை தலைகீழ்! (சொம்பு என்ன சைஸ் என்பது இன்னொரு வழக்கு. நாலு பேரும் ஒரே அளவுள்ள பாட்டிலைக் கையில் எடுத்துப் போய்க் காட்டிக் கேட்டால்தான் அதுவும் தீரும்.)

அடுத்து வார்த்தை. ஃபாரத்தில் 'மயக்கம்' என்று ஒரே ஒரு கட்டம் இருக்கும். சொல்கிறவர்களோ, "தலை சுத்துது" என்பார்கள், "கிறுகிறுன்னு வருது" என்பார்கள், "கண்ணைக் கட்டுது" என்பார்கள், "ஆளையே தள்ளுது" என்பார்கள். இதில் எது மயக்கம்? நினைவு தப்பி விழுந்தால் மட்டும்தானா? ஒருத்தி எல்லாவற்றுக்கும் டிக் போடுவாள், இன்னொருத்தி எதற்கும் போடமாட்டாள். 'நீர்க்கடுப்பு' என்ற சொல்லும் அப்படியே. "சூடு பிடிச்சுக்கிச்சு" என்று சொன்னால் அதில் சேர்ப்பதா, வேண்டாமா? கிளம்புவதற்கு முன்பே உட்கார்ந்து பேசி, எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய விஷயங்கள் இவை. ஆங்கிலத்தில் தயாரித்த கேள்வித்தாளை வரப்பில் நின்றபடி ஆளுக்கொரு தமிழில் பெயர்த்துச் சொல்வது, கேட்க இயல்பாக இருக்கும். ஆய்வுக்கு அதைப் போல விஷம் வேறில்லை.

மூன்றாவது, எடை. உடம்பிலிருந்து எவ்வளவு வியர்வை போனது என்று கண்டுபிடிக்க, வேலைக்கு முன் ஒரு எடை, வேலைக்குப் பின் ஒரு எடை எடுப்பார்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது என்று கணக்கு. நடுவில் குடித்த தண்ணீரையும் கழித்த சிறுநீரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனால் காலையில் காய்ந்த புடவை, மதியம் வியர்வையில் ஊறிய புடவை! ஈரப் புடவை எவ்வளவு கனக்கும் என்று துவைக்கிற உங்களுக்குத் தெரியாதா? உடம்பை விட்டுப் போன வியர்வை துணியில் உட்கார்ந்துகொண்டு தராசில் மறுபடி ஏறிக்கொள்கிறது. உடம்பைத் துடைத்து, இரண்டு தடவையும் ஒரே மாதிரி காய்ந்த உடையில் நிறுத்தினால்தான் கணக்கு கணக்காக இருக்கும். தராசையும் மண்ணில் வைக்கக்கூடாது, பலகை போட்டுச் சமதளத்தில் வைக்க வேண்டும். சிலர் செய்து சிலர் செய்யாமல் விட்டால், மாணவிகளுக்குள் இருக்கும் வித்தியாசம் தொழிலாளர்களுக்குள் இருக்கும் வித்தியாசம் போல வேஷம் போட்டு வந்து நிற்கும்.

வெப்பம் அளக்கிற கருவியும் அப்படித்தான். அதைக் கொட்டகை நிழலில் வைத்தால் கொட்டகையின் வெப்பம்தான் தெரியும். பாத்தியில் நிற்கிறவரின் வெப்பம் தெரிய வேண்டுமென்றால் கருவியும் பாத்தியில் நிற்க வேண்டும்.

இப்போது பி.பி.க்கு வருகிறேன். இது உங்கள் வீட்டு விஷயமும்கூட. கையைத் தொங்கவிட்டு அளந்தால் பி.பி. கூடுதலாகக் காட்டும். பட்டை, இதயத்தின் மட்டத்துக்குக் கீழே பத்து சென்டிமீட்டர் இறங்கினால் ஏழெட்டு பாயின்ட் ஏறிவிடும். ஒல்லிக் கைக்கான பட்டையைப் பருமனான கையில் சுற்றினாலும் ஏறும். பேசிக்கொண்டே இருந்தால் ஏறும். கால் மேல் கால் போட்டிருந்தால் ஏறும். ஒன்றுக்கு முட்டிக்கொண்டு இருந்தாலும் ஏறும். அப்போதுதான் உப்புக் கூடையைத் தலையிலிருந்து இறக்கி வைத்த பெண்ணை உட்காரவைத்து உடனே அளந்தால்? நெஞ்சு படபடக்கிறபோது எந்த உண்மை தெரியும்! ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்காரவைத்துவிட்டுத்தான் பட்டையைச் சுற்ற வேண்டும். 140-க்கு 90 என்ற கோட்டின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை இந்தச் சின்னச் சின்ன விஷயங்களே தீர்மானித்துவிடும்.

பாதரசக் கருவியில் இன்னொரு வேடிக்கை உண்டு. அதன் கோடுகள் இரண்டு இரண்டாகப் போகும்: 120, 122, 124, 126, 128. நேர்மையாகப் படித்தால் பூஜ்யத்தில் முடிகிற எண் ஐந்தில் ஒன்றுதான் வரவேண்டும். ஆனால் பல இடங்களில் 120, 130, 140 என்றே வரிசையாக எழுதி வைத்திருப்பார்கள். கண்ணுக்குப் பூஜ்யத்தின் மேல் அப்படி ஒரு ஆசை! மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வயசு கேட்டால் 40, 45, 50 என்று முழுசாகச் சொல்வோமே, அதே குணம். ஆய்வு மாணவி கொண்டு வந்த நூறு அளவுகளில் எழுபது பூஜ்யத்தில் முடிந்தால், ஆசிரியை உட்காரவைத்து மறுபடி சொல்லிக் கொடுக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கம்ப்யூட்டர் வேண்டாம், ஒரு பென்சில் போதும். டிஜிட்டல் மெஷின் இந்த ஆசையை ஒழித்துவிடும், உண்மைதான். ஆனால் கை தொங்குகிறதா, பட்டை சரியான சைஸா என்று அந்த மெஷின் பார்க்காது.

"எங்கள் மாணவிகள் இருவர் பார்த்தால் நூற்றுக்குத் தொண்ணூறு ஒத்துப்போகிறதே!" என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். அங்கேதான் ஏமாறக்கூடாது. கால் வீக்கம் இருக்கிறதா, இல்லையா என்று இரண்டு பேர் நூறு பேரின் காலைப் பார்க்கிறார்கள். இருவருமே பத்துப் பேருக்கு 'உண்டு', தொண்ணூறு பேருக்கு 'இல்லை' என்று எழுதுகிறார்கள். சரி, இருவரும் காலைப் பார்க்காமலேயே கண்ணை மூடிக்கொண்டு அதே விகிதத்தில் எழுதியிருந்தால் எத்தனை ஒத்துப்போகும்? 82! குருட்டாம்போக்கிலேயே 82 வருகிறதென்றால், தொண்ணூறு என்பது என்ன சாதனை? மீதி 18-ல் 8-ஐத்தான் உழைத்துச் சம்பாதித்திருக்கிறார்கள். பாதிகூட இல்லை. அமெரிக்க மனோதத்துவ நிபுணர் ஜேக்கப் கோஹன் 1960-ல் கொடுத்த 'கப்பா' என்ற அளவுகோல் இதைத்தான் சொல்கிறது. அந்த வீங்கிய பத்துக் கால்கள்தானே நமக்கு வேண்டியவை? இருவர் குறித்த அந்தப் பத்தில் ஐந்தே ஐந்து பேர்தான் பொது.

இதெல்லாம் நேற்று முளைத்த கவலை இல்லை. விளக்கேந்திய சீமாட்டி என்று நாம் பள்ளியில் படித்த ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல், லண்டன் புள்ளியியல் சங்கத்தில் 1858-ல் உறுப்பினரான முதல் பெண்மணி. எல்லா ஆஸ்பத்திரிகளும் நோயையும் சாவையும் ஒரே மாதிரிப் படிவத்தில் எழுத வேண்டும் என்று போராடினார். 1860-ல் லண்டனில் நடந்த சர்வதேசப் புள்ளியியல் மாநாட்டில் அவர் வகுத்த படிவங்கள் முன்வைக்கப்பட்டன. விளக்கு படத்தில் இருக்கிறது, படிவம்தான் படத்தில் இல்லை!

பிரிட்டனில் ஜெஃப்ரி ரோஸ் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் 1964-ல் ஒரு பி.பி. கருவி செய்தார்கள். சத்தம் கேட்ட நொடியில் அழுத்தினால் பாதரசம் அங்கேயே நிற்கும். எண் என்ன என்பது அளந்து முடித்த பிறகுதான் தெரியும். பூஜ்ய ஆசைக்கு வைத்த பூட்டு. அடுத்த வருஷமே, நாடித்துடிப்புச் சத்தத்தை டேப்பில் பதிவு செய்து, எல்லோரும் ஒரே சத்தத்தைக் கேட்டு ஒரே எண்ணைச் சொல்கிறார்களா என்று பழக்குகிற முறையையும் ரோஸ் எழுதினார்.

நம் குழந்தைகளின் வளர்ச்சி அட்டையில் இருக்கும் கோடுகள் எங்கிருந்து வந்தன தெரியுமா? உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை இந்தியா, பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 6 நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்து, 2006-ல் வெளியிட்டது. இந்தியாவில் தெற்கு டெல்லியில் நடந்தது. அங்கே ஒரு குழந்தையை எப்போதும் இரண்டு பேர் தனித்தனியாக அளந்தார்கள். எடையில் 100 கிராமுக்கு மேலோ, நீளத்தில் 7 மில்லிமீட்டருக்கு மேலோ வித்தியாசம் வந்தால் இருவரும் மறுபடி அளக்க வேண்டும். அழுது புரளுகிற கைக்குழந்தையை 7 மில்லிமீட்டருக்குள் பிடிப்பது என்றால் சும்மாவா!

நம் ஊரில் இந்த எண்ணுக்கு இருந்த அதிகாரத்தைப் பாருங்கள். 1980-ல் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த சத்துணவுத் திட்டத்தில், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை போதுமான அளவு ஏறாத குழந்தைக்குச் சத்துருண்டை உண்டு. தேறிய பிறகு நிறுத்திவிடுவார்கள். தராசு முள் எங்கே நிற்கிறது என்பதை வைத்து ஒரு குழந்தைக்கு உருண்டை கிடைக்கும் அல்லது கிடைக்காது. முள்ளைப் படிக்கிற கிராமத்துப் பெண்ணின் கண்ணில் அவ்வளவு பொறுப்பு இருந்தது.

இப்போது குறைக்கு வருகிறேன். எம்.எஸ்சி. ஆய்வுகளில் அடிக்கடி பார்க்கிற மாதிரி ஒன்று உண்டு. 'இன்ன சிகிச்சை இன்ன நோவைக் குறைக்குமா?' வெந்நீர் ஒத்தடம் முழங்கால் வலியைக் குறைக்குமா என்பது போல. ஒத்தடம் கொடுப்பதும் அந்த மாணவிதான். "வலி எப்படி இருக்கு?" என்று பிறகு கேட்பதும் அவள்தான். குறைந்தால் ஆய்வு வெற்றி, ஊருக்குப் போகலாம்! நோயாளிக்கும் அது தெரியும். பத்து நாளாகப் பிரியமாகக் காலைப் பிடித்துவிட்ட பெண்ணிடம் "வலி அப்படியே இருக்கு" என்று எந்த அம்மா சொல்வார்? அளக்கிறவர் வேறு ஆளாக இருக்க வேண்டும். யாருக்கு ஒத்தடம் கொடுத்தார்கள், யாருக்குக் கொடுக்கவில்லை என்பதே அவருக்குத் தெரியக்கூடாது. தோழிகள் இருவர் ஒருவர் ஆய்வுக்கு இன்னொருவர் அளந்து கொடுத்தால் காலணா செலவில்லாமல் முடிகிற காரியம் இது.

"பணமில்லை, நேரமில்லை, மாணவிகள் ஆய்வுதானே" என்பார்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். நூறு பேரைத் தாறுமாறாக அளப்பதைவிட அறுபது பேரை ஒழுங்காக அளக்கலாம். மிச்சமாகிற நாட்களைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். மாணவிகள் ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்காமல் ஒரே பத்துப் பேரை அளக்கட்டும். ஒத்துப்போகாத இடத்தில் ஏன் என்று பேசட்டும். மறுநாள் மறுபடி. வேலை பாதி நடந்ததும் இன்னொரு தடவை. ஏனென்றால் கை மெல்ல மெல்ல வழக்கத்துக்குத் திரும்பிவிடும். வைவாவில் தேர்வாளர்கள் புள்ளிவிவர ஃபார்முலாவைக் கேட்பதோடு, "அளந்தவர்கள் யார், எத்தனை நாள் பழகினார்கள், எவ்வளவு ஒத்துப்போனார்கள்?" என்றும் கேட்கட்டும். கேட்டால் அடுத்த வருஷமே மாறும். அளக்க முடியாமல் போனால் 'அளக்கவில்லை' என்று எழுதுகிற மாணவிக்கு மார்க் குறைக்காமலும் இருக்கட்டும். அந்தப் பயம்தான் பல பொய் எண்களுக்குத் தாய்.

இப்படிப் பழக்கினால் மனிதர்கள் மெஷின் ஆகிவிடமாட்டார்களா என்றும் ஒரு கேள்வி. உப்பளத்துப் பெண்களுக்குப் பேச நிறைய இருக்கிறது. கேட்கத்தான் வேண்டும். பட்டையைக் கழற்றிய பிறகு உட்கார்ந்து எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம்.

உங்கள் பங்கும் கொஞ்சம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலர் பெண் வீட்டுக்கே வந்து பி.பி., சர்க்கரை பார்க்கிறார். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், இடைவெளி விட்டு மூன்று தடவை பி.பி. எடுப்பார்கள். "எத்தனை தடவைம்மா, சட்டுனு முடி, அடுப்புல பால் இருக்கு" என்று விரட்டாதீர்கள். பாலை இறக்கி வையுங்கள். காபி குடித்த கையோடு உட்காராதீர்கள். முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, கையை மேஜை மேல் வைத்து, அந்தச் சில நிமிஷம் சீரியல் கதையைச் சொல்லாமல் இருங்கள். வந்த பெண் அவசரப்பட்டால், "அஞ்சு நிமிஷம் உட்காரட்டுமாம்மா?" என்று நீங்களே கேளுங்கள். தப்பாக நினைக்கமாட்டார்.

கல்லூரிகளுக்கு ஒன்று. உப்பளத்தில் விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். முதல் எடை எடுக்க வேண்டிய நேரம் அதுதான். பத்து மணிக்குக் கல்லூரி பஸ்ஸில் வந்து இறங்கினால், அளக்க வந்த வியர்வையில் பாதி ஏற்கெனவே பாத்தியில் விழுந்திருக்கும். பயிற்சியில் ஒரு நாளாவது இருட்டோடு எழுந்து போய், டார்ச் வெளிச்சத்தில் பலகை போட்டு, தராசை வைத்து, எண்ணைப் படித்துப் பழகட்டும். அந்த நேரத்துக்குக் கல்லூரி பஸ் வராதென்றால் வேன் ஏற்பாடு செய்யுங்கள். வரப்பில் நின்று ஃபாரத்துக்குப் பதில் சொல்கிற நேரத்துக்கு அந்தப் பெண்களின் கூலி பிடிபடாமல் இருக்க, முன்னாலேயே மேஸ்திரியிடம் பேசிவிடுங்கள்.